இன்ஜின் பெரிதாக இருந்தால் போதுமா? மீனவர் வீட்டுப் பங்கைத் தீர்மானிக்கும் புரொப்பெல்லர் கணக்கு!

குமரி மாவட்டத்தின் மயிலாடி என்றதும் காதில் விழுவது உளிச்சத்தம். வீதிக்கு வீதி கல் சிற்பப் பட்டறைகள். அங்கிருந்து அரைமணி நேரம் பயணித்தால் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம். இங்கே டீசல் இன்ஜின் சத்தம். கல்லுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு சம்பந்தம் உண்டு. சிலையில் ஒரு செதில் கூடுதலாகப் போய்விட்டால், போனது போனதுதான். படகின் அடியில் சுழலும் புரொப்பெல்லரும் கிட்டத்தட்ட அப்படித்தான். அளவில் ஓர் அங்குலம் தவறினாலும் அதற்கான விலையை ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த விலையை யார் கொடுப்பது? படகு முதலாளி மட்டுமல்ல. நம் கடற்கரையில் பெரும்பாலும் பங்கு முறைதான். மீன் விற்ற பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்த பிறகு, மீதியைத்தான் படகுக்கும் தொழிலாளிகளுக்கும் பிரிக்கிறார்கள். டீசல் கூடினால் எல்லோர் வீட்டுப் பங்கும் குறையும்.

ஒரு சின்னக் கணக்கு. 30 நாள் ஆழ்கடல் பயணம் போகும் படகு ஒன்று நாளுக்கு 200 லிட்டர் டீசல் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 லிட்டர். அதில் 10 சதவிகிதம் மிச்சமானால் 600 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 54,000 ரூபாய். ஒரே ஒரு பயணத்தில்!

`புரொப்பெல்லர் என்ன பெரிய விஷயம், இன்ஜினுக்கு ஏற்றதாக ஒன்றை வாங்கி மாட்டினால் போச்சு' என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

தண்ணீருக்குள் ஒரு திருகாணி

புரொப்பெல்லரைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். ஒன்று விட்டம், இன்னொன்று பிட்ச். `30 x 20' என்று குறிப்பிட்டால், விட்டம் 30 அங்குலம், பிட்ச் 20 அங்குலம்.

விட்டம் எளிது. புரொப்பெல்லர் சுழலும்போது இதழ்களின் நுனி வரையும் வட்டத்தின் குறுக்களவு அது. அதென்ன பிட்ச்? மரப்பலகையில் ஒரு ஸ்க்ரூவைத் திருகுகிறீர்கள். ஒரு முழுச் சுற்றுக்கு அது எவ்வளவு உள்ளே போகிறதோ, அதுதான் அதன் பிட்ச். அதேபோல, தண்ணீர் மரம்போல இறுகி இருந்தால், புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பதுதான் இந்த 20 அங்குலம்.

ஆனால், தண்ணீர் மரமல்ல, வழுக்கும். இன்ஜின் 1,800 ஆர்.பி.எம்மில் ஓடுகிறது, கியர் பாக்ஸ் 3-க்கு 1 என்றால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 600 முறை சுற்றும். 600 சுற்று, தலா 20 அங்குலம் என்றால் நிமிடத்துக்கு 1,000 அடி. மணிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 9.9 நாட். ஆனால் படகு உண்மையில் போவது 7 நாட் வேகத்தில் என்றால், கிட்டத்தட்ட 29 சதவிகிதம் வழுக்கிவிட்டது. இதை `ஸ்லிப்' என்கிறார்கள்.

ஸ்லிப் என்றால் எல்லாமே வீண் என்று அர்த்தமில்லை. தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தான் படகு முன்னால் போகும். தள்ளும்போது கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். கேள்வி, எவ்வளவு வழுக்குகிறது என்பதுதான்.

உடைந்ததால் வேகமெடுத்த படகு

இந்தக் கருவி பிறந்த கதையே சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், ஸ்வீடனைச் சேர்ந்த ஜான் எரிக்சன் என இருவரும் 1836-ம் ஆண்டு தனித்தனியாகக் காப்புரிமை பெற்றார்கள். ஸ்மித் செய்தது மரத்தாலான நீளமான திருகு. 1837-ல் கால்வாயில் சோதித்தபோது எதிலோ மோதி அதில் பாதி உடைந்துபோனது. `சோதனை போச்சு' என்று நினைத்தால், படகு முன்பைவிட வேகமாகப் போனது! நீளம் முக்கியமில்லை, வடிவம்தான் முக்கியம் என்று அன்று தெரிந்தது.

ஆனாலும், பக்கவாட்டுச் சக்கரம் கொண்ட நீராவிக் கப்பல்களைக் கைவிடப் பலருக்கு மனம் வரவில்லை. 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு `கயிறு இழுக்கும் போட்டி' நடத்தியது. புரொப்பெல்லர் கொண்ட `ராட்லர்' ஒரு பக்கம், சக்கரம் கொண்ட `அலெக்டோ' மறுபக்கம். இரண்டும் முழு வேகத்தில் எதிரெதிராக இழுக்க, அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது ராட்லர்.

நம் பக்கத்துக் கடலில் இன்ஜின் படகுகள் பெருகக் காரணமாக இருந்தது, 1952-ல் கையெழுத்தான இந்திய - நார்வே திட்டம். கொல்லம் அருகே நீண்டகரை பகுதியில்தான் அது தொடங்கியது. அப்போது கன்னியாகுமரியும் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ம் தேதி. பாய்மரமும் துடுப்பும் இருந்த இடத்துக்கு டீசலும் புரொப்பெல்லரும் வந்தன. கூடவே டீசல் பில்லும் வந்தது.

பெரிய விசிறி, மெதுவான சுழற்சி

துடுப்பு போட்டவர்களுக்கு இது உடனே புரியும். அகலமான துடுப்பால் மெதுவாக ஒரு வலி வலித்தால் படகு நன்றாக நகரும். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு எவ்வளவு வேகமாக வலித்தாலும் தண்ணீர்தான் கலங்கும். நிறைய தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதுதான் சிக்கனம்; கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் சக்தி வீணாகும்.

அதனால்தான், மெதுவாகச் செல்லும் பாரமான படகுகளுக்கு `எவ்வளவு பெரிய விட்டம் பொருந்துமோ அவ்வளவு பெரியது, எவ்வளவு மெதுவாகச் சுழல முடியுமோ அவ்வளவு மெதுவாக' என்பது முதல் விதி. சென்னையிலிருந்து இயங்கிய, ஐ.நா. உணவு மற்றும் விவசாய அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்ட்சன் எழுதிய அதன் அடிநாதமும் இதுதான்: வேகத்தைக் குறையுங்கள், பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றுங்கள்.

மெதுவாகச் சுழற்ற உதவுவது கியர் பாக்ஸ். ஆகவே, இன்ஜினும் கியரும் புரொப்பெல்லரும் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இன்ஜினை மாற்றிவிட்டுப் பழைய புரொப்பெல்லரையே மாட்டுவது, பிள்ளை வளர்ந்த பிறகும் பழைய செருப்பையே போட்டுவிடுவது மாதிரி.

விட்டத்தைக் கூட்டுவதற்கும் எல்லை இருக்கிறது. இதழின் நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் இடையே, விட்டத்தில் சுமார் 15 சதவிகிதம் இடைவெளி இருப்பது நல்லது. 30 அங்குலப் புரொப்பெல்லருக்கு நான்கரை அங்குலம். நெருக்கிப் பொருத்தினால், ஒவ்வோர் இதழும் கடக்கும்போது படகின் அடியில் தண்ணீர் சுத்தியல்போல அடிக்கும். படகு அதிரும்.

தவிர, அதே வடிவத்தில் 30 அங்குலத்தை 31 ஆக்கினால் என்ன ஆகும்? ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால், அதே சுழற்சி வேகத்துக்கு ஏறக்குறைய 18 சதவிகிதம் கூடுதல் சக்தி தேவைப்படும். காரணம், விட்டம் கூடும்போது தேவைப்படும் சக்தி ஐந்தாம் படியில் ஏறுகிறது. மயிலாடி சிற்பியின் நிதானம் இங்கேதான் தேவை. பெரிய புரொப்பெல்லரைப் பட்டறையில் கொஞ்சம் கடைந்து சிறிதாக்கலாம். சிறியதைப் பெரிதாக்க முடியாது.

ஒரே கியர் சைக்கிள்

`நல்ல புரொப்பெல்லர் எது?' என்று கேட்டால் பதிலே இல்லை. `எந்த வேலைக்கு?' என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். சாதாரணப் புரொப்பெல்லர், கியர் மாற்ற முடியாத சைக்கிள் மாதிரி. ஏற்றத்துக்கு ஏற்றபடி அமைத்தால் சமதளத்தில் வீணாக மிதிக்க வேண்டும். சமதளத்துக்கு அமைத்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

* இழுவைப் படகு: வலையை இழுக்கும்போது 2 முதல் 4 நாட் வேகம்தான். மேலே பார்த்த அதே புரொப்பெல்லர், 3 நாட் வேகத்தில் வலை இழுத்தால் ஸ்லிப் 70 சதவிகிதத்தைத் தொடும். இதற்குப் பெரிய விட்டமும் குறைந்த பிட்சும் தேவை. புரொப்பெல்லரைச் சுற்றி வளையம்போல ஒரு கூண்டு (`கோர்ட் நாசில்') பொருத்தினால் இழுவிசை இன்னும் கூடும். ஆனால், வேகமாக ஓடும்போது அதே வளையம் பாரமாகிவிடும்.

* ஆழ்கடல் படகு: தூத்தூர் வட்டார மீனவர்கள் தூண்டிலும் செவுள்வலையும் கொண்டு அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். இவர்களின் டீசலில் பெரும்பகுதி போய்வரும் ஓட்டத்துக்கே செலவாகிறது. எனவே, ஓட்ட வேகத்துக்கு ஏற்ற பிட்ச் முக்கியம்.

* சுற்றுலாப் படகு: கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் பொதிகை, குகன், விவேகானந்தா படகுகளில் ஏறியிருப்பீர்கள். விவேகானந்தர் பாறைக்குக் குறுகிய தூரம்தான். ஆனால், நின்று, கிளம்பி, பின்னால் எடுத்து, அலையில் ஆடிக்கொண்டே அணைய வேண்டும். இங்கே வேகத்தைவிடக் கட்டுப்பாடுதான் முக்கியம். கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் படகுச் சேவையை நிறுத்திவைப்பதும் இதையொட்டித்தான். பாறைகள் நிறைந்த இடத்தில் தண்ணீர் குறைந்தால், முதலில் அடிபடக் கூடியவை படகின் அடிப்பகுதியும் புரொப்பெல்லரும் சுக்கானும்தான்.

* சொகுசுப் படகு: கொச்சி போல்காட்டி மரினாவில் நிற்கும் மோட்டார் யாட்டுகளுக்கும் இதே கணக்குதான், முன்னுரிமைகள் மட்டும் வேறு. பெரும்பாலும் இரண்டு இன்ஜின், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள். அதிர்வு குறைய வேண்டும் என்பதால் நான்கு அல்லது ஐந்து இதழ்கள். இதழ்கள் கூடக் கூட ஓட்டம் மென்மையாகும்; திறன் லேசாகக் குறையும். மூன்று இதழ் எளிமையானது, சிக்கனமானது.

தண்ணீர் கொதிக்கும் அதிசயம்

இதழ்களின் மொத்தப் பரப்பும் முக்கியம். சிறிய இதழால் அளவுக்கு மீறித் தள்ளச் சொன்னால், அதன் முன்பக்கத்தில் அழுத்தம் வெகுவாகக் குறைந்து, சாதாரண வெப்பத்திலேயே தண்ணீர் ஆவியாகிக் குமிழ்கள் உண்டாகும். அவை மறுகணமே உடையும்போது ஏற்படும் அடி, உலோகத்தையே அரித்துக் குழி குழியாக்கிவிடும். இதற்கு `கேவிட்டேஷன்' என்று பெயர்.

உலகம் இந்தச் சிக்கலைக் கவனித்தது 1890-களில். சார்லஸ் பார்சன்ஸ் உருவாக்கிய `டர்பினியா' படகில் நல்ல இன்ஜின் இருந்தும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. ஒரு புரொப்பெல்லருக்குப் பதில், மூன்று ஷாஃப்ட்களில் மொத்தம் ஒன்பது புரொப்பெல்லர்களைப் பொருத்தினார். 1897-ல் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், துரத்தி வந்த ரோந்துப் படகுகளுக்குப் போக்குக் காட்டிப் பறந்தது டர்பினியா. குற்றம் இன்ஜினில் இல்லை, புரொப்பெல்லரில் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

குதிரைத்திறன் ஆசை

`வேகம் போதவில்லையா? பெரிய இன்ஜின் போடு' என்பது நம் ஊரில் சட்டென்று வரும் யோசனை. இதற்கு இரண்டு தடைகள். ஒன்று சட்டம். தமிழ்நாட்டு விதிகளின்படி, மீன்பிடி விசைப்படகின் நீளம் 24 மீட்டரையும், இன்ஜின் திறன் 240 குதிரைத்திறனையும் தாண்டக் கூடாது.

இன்னொன்று இயற்கை. தண்ணீரைக் கிழித்துச் செல்லும் பாரமான படகுக்கு, அதன் நீளமே ஒரு வேக வரம்பு போடுகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளம் 36 அடி என்றால் ஏறக்குறைய 8 நாட். 64 அடி என்றால் 10.7 நாட். அதற்கு மேல் போக முயன்றால், படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முயன்றுகொண்டிருக்கும். டீசல்தான் கரையும்.

மாறாக, 8 நாட் வேகத்தை 7.2 ஆகக் குறைத்துப் பாருங்கள். வேகத்தில் 10 சதவிகிதம்தான் குறைவு. தேவைப்படும் சக்தியோ சுமார் 27 சதவிகிதம் குறையும். நேரம் கூடுவதைக் கணக்கில் எடுத்தாலும், பயணத்துக்கான டீசலில் ஏறக்குறைய 19 சதவிகிதம் மிச்சம். 50 நாட்டிக்கல் மைல் தூரத்துக்குக் கூடுதலாக ஆவது 42 நிமிடம்தான்.

புகை சொல்லும் சேதி

மாட்டியிருக்கும் புரொப்பெல்லர் சரியா, தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடலிலேயே ஒரு பரீட்சை வைக்கலாம். அடிப்பகுதி சுத்தமாக இருக்க வேண்டும். வழக்கமான பாரம் ஏற்றியிருக்க வேண்டும். ஆழமான, அமைதியான இடத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஆர்.பி.எம் பாருங்கள்.

இன்ஜினின் பெயர்ப்பலகையில் 1,800 என்று இருந்து, 1,600-ஐத் தாண்டாமல் கரும்புகை கக்கினால், புரொப்பெல்லர் இன்ஜினுக்குப் பாரமாக இருக்கலாம். எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காத டீசல்தான் கரும்புகையாக வெளியேறுகிறது. இப்படியே ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் சூட்டில் பாழாகும். காற்று ஃபில்டர், இன்ஜெக்டர் கோளாறிலும் கரும்புகை வரும் என்பதால், முதலில் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

மாறாக, 1,800-ஐ மிகச் சுலபமாகத் தொட்டும் படகு மந்தமாக நகர்ந்தால், புரொப்பெல்லர் சிறியது அல்லது பிட்ச் குறைவு. இன்ஜினின் முழு உழைப்பு தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை.

பெயர்ப்பலகை எண்ணைத் தொட்டு, அதற்கு லேசாக மேலேயும் போனால் நல்லது. ஏனென்றால், நாளாக ஆகப் படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்கும், படகு கனக்கும். இன்று இழுத்துப் பிடித்த அளவாக இருந்தால், மூன்று மாதத்தில் அது பாரமாகிவிடும்.

தடைக்காலம் நல்ல காலம்

ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. கிழக்குப் பக்கமுள்ள சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குப் பக்கமுள்ள முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். படகுகள் கரையேறும் இந்த நாள்களில்தான் புரொப்பெல்லரைக் கண்ணால் பார்க்க முடியும். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. நிறம் பாருங்கள். புரொப்பெல்லர்கள் பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். மஞ்சள் நிறம் மங்கி ஆங்காங்கே செந்நிறம் தெரிந்தால், துத்தநாகம் கரைந்து உலோகம் பலமிழக்கிறது என்று அர்த்தம். அருகில் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டி, தான் கரைந்து புரொப்பெல்லரைக் காக்கும். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

2. நுனியைத் தடவுங்கள். இதழின் ஓரம் மடங்கியிருந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ திறன் குறையும், அதிர்வு கூடும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தாமல், பிட்ச் அளக்கும் வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

3. வழவழப்பாக்குங்கள். சிப்பி ஒட்டிய புரொப்பெல்லரைச் சுத்தம் செய்து பாலீஷ் போடுவதற்கு ஆகும் செலவு குறைவு. பலன் அதிகம்.

4. எண்களை எழுதி வையுங்கள். விட்டம், பிட்ச், இதழ் எண்ணிக்கை, வலச்சுற்றா இடச்சுற்றா, கியர் விகிதம், ஷாஃப்ட் அளவு, முழு ஆக்சிலரேட்டரில் வரும் ஆர்.பி.எம். புதிது வாங்கும்போது இந்தத் தாள்தான் உங்கள் ஜாதகம்.

5. பக்கத்துப் படகைப் பார்த்து வாங்காதீர்கள். நீளம் ஒன்றாக இருந்தாலும் பாரம், அடிப்பகுதியின் வடிவம், கியர் என ஏதாவது ஒன்று மாறினால் அளவும் மாறும். சந்தேகம் இருந்தால், 1957 முதல் இந்தத் துறையில் இயங்கிவரும் கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆலோசனையை நாடலாம்.

உயிரும் இதில் இருக்கிறது

பணம் மட்டுமே பேசி முடிக்க முடியாது. ஒற்றை இன்ஜின் படகில் புரொப்பெல்லர் நின்றால், படகு மிதக்கும் கட்டைதான். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்ட நாளை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் கரை திரும்ப வேண்டிய நேரத்தில், படகு சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். டேங்கில் டீசலும் மிச்சம் இருக்க வேண்டும்.

வலையோ கயிறோ புரொப்பெல்லரில் சிக்கினால், இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகே ஆள் தண்ணீரில் இறங்க வேண்டும். அலை அதிகமென்றால் இறங்கவே வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. வீட்டிலிருப்பவர்களும் இந்த எண்ணை போனில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்ஜின் வாங்கும்போது பத்து பேரிடம் விசாரிக்கிறோம், குதிரைத்திறனைப் பெருமையாகச் சொல்கிறோம். தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் அந்த மூன்று இதழ்களைப் பற்றியும் இனி நாலு கேள்வி கேட்போம். அடுத்த தடைக்காலத்தில் படகு கரையேறும்போது, ஓர் அளவு நாடாவும் ஒரு நோட்டும் கையில் இருக்கட்டும்!